இணையத்தில் விற்கும் சிறு வணிகர்: பணம் பத்திரமாக வந்து சேரும் வழி

இந்தியாவில் ஒரு சிறு வணிகர் இணையத்தில் பொருள் விற்க மூன்று வழிகள் உள்ளன. அமேசான், மீஷோ போன்ற சந்தைத் தளங்களில் விற்பனையாளராகச் சேரலாம். சொந்த இணையதளம் நடத்தலாம். வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ படம் போட்டு, யுபிஐ மூலம் பணம் வாங்கலாம். சந்தைத் தளத்தில் வசூலைத் தளமே பார்த்துக்கொள்கிறது. பல தளங்கள் அதற்குக் கட்டணமும் பிடித்துக்கொள்கின்றன. மற்ற இரண்டிலும் பணம் வந்ததா, சரியான தொகைதானா, வந்தது கையில் நிற்குமா என்பதெல்லாம் விற்பவரின் பொறுப்பு. வீட்டில் வத்தலும் பொடியும் செய்து விற்பவர்களும் தறிச் சேலை விற்பவர்களும் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் தொடங்குகிறார்கள். எனவே இந்த வழிகாட்டி முதன்மையாக அவர்களுக்கானது.

கணக்கும் பதிவும்

முதல் வேலை, வியாபாரத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு. வீட்டுச் செலவும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் போகும் கணக்கில் முகம் தெரியாத வாடிக்கையாளர்களின் பணத்தை வாங்கக் கூடாது. ஏதோ ஒரு வரவில் சிக்கல் வந்து கணக்கு முடக்கப்பட்டால், குடும்பத்தின் மொத்தப் பணமும் அதோடு முடங்கிவிடும்.

அடுத்தது வரி. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. சந்தைத் தளங்களில் விற்பவர்களுக்கு முன்பு இந்தச் சலுகை கிடையாது. 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்பவர்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற்றால் போதும் என்று விதி தளர்ந்தது. வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்புவதென்றால் பொதுவாகப் பதிவு கட்டாயம். சில கைவினைப் பொருட்களுக்கு வரம்புக்கு உட்பட்ட விலக்கு உண்டு. உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவையோ உரிமத்தையோ விற்பனை தொடங்கும் முன்பே வாங்கிவிட வேண்டும். பொட்டலமிட்ட பொருளின் அதிகபட்ச விலை, நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி ஆகியவை பொட்டலத்தில் இருப்பது போலவே விற்பனைப் பக்கத்திலும் தெரிய வேண்டும்.

சொந்தத் தளம்

சொந்தத் தளத்தின் முகவரி https என்று தொடங்க வேண்டும். வாடிக்கையாளரின் கருவிக்கும் தளத்துக்கும் இடையே போகும் தகவல் குறியாக்கம் செய்யப்படுகிறது என்பதே அதற்குப் பொருள். இதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் இலவசமாகவே தருகின்றன. ஆனால் அந்தச் சான்றிதழ் வழியைத்தான் காக்கும், கடையைக் காக்காது. மோசடித் தளமும் அதே சான்றிதழை வாங்கிக்கொள்ள முடியும்.

கடையைக் காப்பது நிர்வாகக் கணக்கின் பூட்டு. வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல், அதோடு இரண்டாம் சரிபார்ப்பு, இவை இரண்டும் இல்லாமல் தளத்தைத் திறக்கக் கூடாது. தளம் அமைத்துத் தந்தவருக்கு வேலை முடிந்ததும் நுழைவுரிமையை நீக்க வேண்டும். பலர் இதைச் சங்கடமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். வீடு கட்டி முடித்ததும் மேஸ்திரியிடம் சாவியைத் திரும்ப வாங்குவது போலத்தான் இதுவும். நம்பிக்கைக் குறைவு ஒன்றுமில்லை.

பேமென்ட் கேட்வே

சொந்தத் தளத்தில் பணம் வாங்க, ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் பெற்ற பணவசூல் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்ய வேண்டும். பேச்சு வழக்கில் இதை கேட்வே என்கிறார்கள். அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியல் ரிசர்வ் வங்கித் தளத்திலேயே இருக்கிறது. வாடிக்கையாளர் செலுத்தும் தொகை நேராக விற்பவர் கணக்குக்கு வருவதில்லை. முதலில் கேட்வே நிறுவனத்தின் எஸ்க்ரோ கணக்கில் சேர்ந்து, ஒப்பந்தப்படி சில நாட்களில் கட்டணம் போக மீதி விற்பவருக்கு வரும்.

அட்டை எண்ணை விற்பவர் எந்த வடிவிலும் வாங்கி வைக்கக் கூடாது. தொலைபேசியில் கேட்டு நோட்டில் எழுதுவதும் இதில் அடங்கும். 2022 அக்டோபர் 1 முதல் முழு அட்டை எண்ணை வணிகர்கள் சேமிக்க ரிசர்வ் வங்கி தடை விதித்திருக்கிறது. அதற்குப் பதிலாக, அந்தக் கடைக்கு மட்டுமே செல்லும் டோக்கன் ஒன்று உருவாகிறது. தளத்தில் திருட்டு நடந்தாலும் அந்த டோக்கனை வைத்து வேறு கடையில் வாங்க முடியாது. அட்டை விவரம் நிரப்பும் பக்கம் கேட்வேயின் பக்கமாகவே இருக்கும்படி அமைப்பதுதான் சிறு கடைக்குச் சரி.

தளம் அமைப்பவரிடம் இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேட்க வேண்டும். கட்ட வேண்டிய தொகை வாடிக்கையாளரின் பிரவுசரில் கணக்கிடப்படுகிறதா, சர்வரிலா? பிரவுசரில் என்றால் 1,500 ரூபாய்ச் சேலையை 15 ரூபாயாக மாற்றி அனுப்ப ஒருவரால் முடியும். பணம் கட்டியாயிற்று என்பதைத் தளம் எப்படி அறிகிறது? வாடிக்கையாளர் ‘நன்றி’ பக்கத்துக்கு வந்துவிட்டார் என்பது சான்றாகாது. கேட்வே தன் கையொப்பத்துடன் சர்வருக்கு நேராக அனுப்பும் செய்தியைச் சரிபார்த்த பிறகே ஆர்டர் உறுதியாக வேண்டும்.

யுபிஐயில் நேரடி வசூல்

வாட்ஸ்அப் வியாபாரத்தில் இழப்பு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் ரசீது ஆகாது. அதே தோற்றத்தில் பொய்யான ‘பணம் சென்றது’ திரையைக் காட்டும் செயலிகள் உலவுகின்றன. குறுஞ்செய்தியும் போதாது. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து ‘5,000 ரூபாய் வரவு’ என்று ஒரு செய்தியை அனுப்பிவிட்டு, “500 போடுவதற்குப் பதில் 5,000 போட்டுவிட்டேன், மீதியை அனுப்புங்கள் அண்ணா, அவசரம்” என்று அழைப்பார்கள். விற்பவர் தன் வங்கிச் செயலியைத் திறந்து, வரவையும் பரிவர்த்தனை எண்ணையும் கண்ணால் பார்த்த பிறகே பொருளை அனுப்ப வேண்டும், மீதி கொடுக்க வேண்டும். எவ்வளவு கூட்டமான பண்டிகை நாளானாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. கியூஆர் கோடு ஒன்றை அனுப்பி, “இதை ஸ்கேன் செய்து பின் போட்டால் பணம் வந்துவிடும்” என்று யார் சொன்னாலும், பணம் போகும் திசை எதிர்ப்பக்கம். கேட்வே அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்பவரிடமும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். நேரடிக் கடையும் இருந்தால், கல்லாவில் ஒட்டிய கியூஆர் மேல் வேறொருவர் ஒட்டியிருக்கிறாரா என்று காலையில் கடை திறக்கும்போது ஒருமுறை ஸ்கேன் செய்து பெயரைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

அனுப்புதலும் திருப்பித் தருதலும்

ஒவ்வொரு ஆர்டருக்கும் பில், பணம் வந்த பரிவர்த்தனை எண், கூரியர் ரசீது, பொருள் சேர்ந்ததற்கான பதிவு ஆகிய நான்கும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். விலையுயர்ந்த பொருளாக இருந்தால் பொட்டலம் கட்டும்போது ஒரு வீடியோ எடுத்து வைக்கலாம். அட்டையில் கட்டியவர், பொருள் வரவில்லை என்று தன் வங்கியில் முறையிட்டால், வங்கி அந்தத் தொகையைத் திருப்பி எடுக்க முயலும். சார்ஜ்பேக் என்பது இதுதான். குறித்த கெடுவுக்குள் இந்தச் சான்றுகளைக் கேட்வேயிடம் தராத விற்பவர் பணத்தை இழக்கிறார்.

பணத்தைத் திருப்பித் தரும்போது, எந்த வழியில் வந்ததோ அதே வழியில்தான் அனுப்ப வேண்டும். அட்டையில் கட்டியவர் வேறொரு யுபிஐ எண்ணுக்குக் கேட்டால் மறுப்பதே சரி. அட்டை திருட்டு அட்டையாக இருந்தால், உரிமையாளர் சார்ஜ்பேக் மூலம் அதே தொகையை மறுபடி எடுப்பார். விற்பவருக்கு இரட்டை நட்டம்.

வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்து, விற்பவருக்கு உறுதிச் செய்தி வராமல் போவதும் உண்டு. ரிசர்வ் வங்கி 2019இல் வகுத்த விதிப்படி, கடைக்குச் செலுத்திய இத்தகைய யுபிஐ தொகை, பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை வாடிக்கையாளருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் பாதிச் சண்டைகள் எழாது.

சிக்கல் வந்தால்

ஏமாற்றப்பட்டது தெரிந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். திருடப்பட்ட பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே போகும். இடையில் எங்காவது நிறுத்திவைக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்து, வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, புகார் எண்ணை வாங்கி வைக்க வேண்டும்.

சில சமயம் விற்பவர் எந்தத் தவறும் செய்யாமலே அவர் கணக்கு முடக்கப்படுகிறது. வேறொருவரிடம் திருடிய பணத்தில் யாரோ அவரிடம் பொருள் வாங்கியிருப்பார். அப்போது பதற்றத்தில் வங்கிக் கிளையிலேயே நாள் கணக்கில் காத்திருப்பதில் பயனில்லை. எந்த ஊர்க் காவல் பிரிவின் எந்தப் புகார் எண்ணில் முடக்கம் வந்தது என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தப் பிரிவுக்கு அந்த ஆர்டரின் நான்கு ஆவணங்களையும் அனுப்பி, தொடர்புடைய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை விடுவிக்கும்படி கோர வேண்டும். ஆர்டர் கொடுத்தவர் பெயரும் பணம் வந்த கணக்கின் பெயரும் வேறாக இருந்தால், பொருளை அனுப்பும் முன்பே காரணம் கேட்டுப் பதிலைச் சேமித்து வைப்பது இங்கே பெரிதும் உதவும்.