எட்டுக் கோணம், இரண்டே அளவு

பினாங்கின் பிறையில் டியூசனுக்கு வரும் படிவம் 1 பிள்ளைகள் பலர் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து வந்தவர்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் இடைநிலைப்பள்ளியின் மலாய்மொழிக் கணிதப் பாடநூலில் 8ஆம் அத்தியாயம், ‘காரிஸ் டான் சூடுட்’ (கோடுகளும் கோணங்களும்), வந்ததும் திணறுகிறார்கள். இரண்டு இணைகோடுகள், அவற்றை வெட்டிப்போகும் ஒரு குறுக்குவெட்டி, அவ்வளவுதான் படம். சூடுட் செபாடான், செலாங்-செலி, பெடாலாமான் என்று பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். படத்தைக் காட்டினால் எதைத் தொடுவது என்று தெரியாது. அதனால் பெயர்களைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

முதலில் அம்புக்குறியைத் தேடுங்கள். கோடுகளின் மேல் அம்புக்குறி இருக்க வேண்டும், அல்லது கேள்வியில் ‘செலாரி’ (இணை) என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இணை என்று வைத்துக்கொள்ளக் கூடாது, கண்ணுக்கு எவ்வளவு இணையாகத் தெரிந்தாலும் சரி.

அடுத்து, இணைகோடுகள் படுக்கையாக வரும்வரை தாளைத் திருப்புங்கள். பாதியில் நிற்கும் கோடுகளைப் பென்சிலால் நீட்டுங்கள். பேனா கூடவே கூடாது.

இப்போது குறுங்கோணங்களுக்கு மட்டும் புள்ளி வையுங்கள். ஒரு சந்திப்பில் இரண்டு சிறியவை, இரண்டு பெரியவை, எதிரெதிராக இருக்கும். மற்றச் சந்திப்பு இதன் அச்சு அசல். எட்டுக் கோணங்களுக்கும் இரண்டே அளவுதான். சிறியது 62° என்றால் பெரியது 118°. புள்ளியும் புள்ளியும் சமம். புள்ளி உள்ளதும் இல்லாததும் சேர்ந்தால் 180°. குறுக்குவெட்டி செங்குத்தாக வந்தால் எட்டுமே 90°, புள்ளிக்கு வேலையில்லை.

நம்பாத பிள்ளைக்குக் கைப்பேசி வரைபடத்தில் பிறை வழியே பட்டர்வொர்த் போகும் ரயில் பாதையைச் செயற்கைக்கோள் படமாகக் காட்டுங்கள். இரட்டைப் பாதை என்பதால் நேராக ஓடும் இடத்தில் நான்கு தண்டவாளங்களும் இணை. சாலை சாய்வாகக் கடக்கும் இடத்தில் அதன் ஓரத்தை ஒரே கோடாக எடுத்துக்கொண்டால் 16 கோணங்கள் கிடைக்கும். அளவு அப்போதும் இரண்டுதான்.

பெயர்கள் காரணம் எழுதும்போதுதான் வேண்டும். ஒரே பக்கம், ஒரே இடம் என்றால் ஒத்த கோணம், அதாவது செபாடான். உள்ளே, குறுக்குவெட்டிக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்றால் ஒன்றுவிட்ட கோணம், செலாங்-செலி. இரண்டும் உள்ளே, ஒரே பக்கம் என்றால் உட்கோணங்கள், பெடாலாமான். அவற்றின் கூட்டுத்தொகைதான் 180°. எஃப், இஸட், சி என்று எழுத்து வடிவம் தேடுவது எனக்குப் பிடிக்காது. படத்தைத் தலைகீழாக்கினால் எழுத்து மறைந்துவிடுகிறது, பிள்ளையும் உட்கார்ந்துவிடுகிறது.

புள்ளியின் அருமை எக்ஸ் கணக்கில் தெரியும். ஒரு கோணம் 3எக்ஸ் + 10, இன்னொன்று 2எக்ஸ் + 20. அவசரக்காரர்கள் இரண்டையும் சமமாக்கி எக்ஸ் = 10 என்பார்கள்; அப்படியானால் இரண்டு கோணமும் 40°. படத்திலோ ஒன்றில் புள்ளி இருக்கிறது, மற்றதில் இல்லை. கூட்டி 180 ஆக்குங்கள்: எக்ஸ் = 30, கோணங்கள் 100°, 80°.

இனி உண்மையான தொல்லைக்கு வருவோம். குறுக்குவெட்டி நேராகப் போகாமல் இணைகோடுகளுக்கு நடுவில் முழங்கைபோல மடங்கும் கேள்வி. மேல்கோடும் கீழ்க்கோடும் வலப்பக்கம் நீள்கின்றன. அவற்றின் இடது முனைகளிலிருந்து ஆளுக்கொரு கோடு புறப்பட்டு, இன்னும் இடப்பக்கம் தள்ளி, நடுவில் ஒரு புள்ளியில் சேர்கிறது. மேல்முனையில் உட்கோணம் 140°, கீழ்முனையில் 115°. மடங்கிய இடத்தின் கோணம் என்ன?

பாதிப் பிள்ளைகள் இரண்டையும் கூட்டி 255 என்று எழுதுவார்கள். 180ஐக்கூடத் தாண்டாத மூலைக்கு 255! அது அந்த மூலையை வெளியே சுற்றிவரும் பின்வளைகோணம்.

இங்கே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மடங்கிய புள்ளி வழியாக, இரண்டு கோடுகளுக்கும் இணையாக, வலப்பக்கமாக மூன்றாவது கோடு ஒன்றை இழுங்கள். புள்ளிக்கோடாக, அடிக்கோல் வைத்து. அதிலும் அம்புக்குறி போடுங்கள். போடாதவர்கள்தான் அடுத்த வரியில் வழி தவறுகிறார்கள். இப்போது ஒரு கேள்வி இரண்டாகிவிட்டது. மேல் பாதியில் 180 − 140 = 40°, கீழ்ப் பாதியில் 180 − 115 = 65°. இரண்டுக்கும் காரணம் பெடாலாமான். கூட்டினால் 105°.

மடிப்பு எதிர்த் திசையில், கோடுகளுக்கு உள்ளே வலப்பக்கம் குத்தினால் உதவிக்கோட்டை இடப்பக்கம் இழுங்கள். முனைகளில் 40°, 65° என்று கொடுத்திருந்தால் ஒன்றுவிட்ட கோணங்களாக அவை அப்படியே உள்ளே வந்துவிடும், கழித்தலே வேண்டாம். விடை அதே 105°. மடிப்பு இரண்டு இருந்தால் உதவிக்கோடும் இரண்டு. பாகைமானியை எடுக்கவே எடுக்காதீர்கள். கேள்வித்தாளில் படங்கள் அளவுப்படி வரையப்பட்டிருக்கும் என்று உறுதியில்லை.

இந்த உதவிக்கோட்டைப் பழகிய பிள்ளைக்கு 9ஆம் அத்தியாயமும் எளிது. முக்கோணத்தின் உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு இழுத்தால், கீழே உள்ள இரண்டு கோணங்களும் ஒன்றுவிட்ட கோணங்களாக உச்சிக்கு வந்து, மூன்றும் ஒரே கோட்டில் 180° ஆகிவிடும். பித்தாகரசின் வழிவந்தவர்கள் இப்படித்தான் நிரூபித்தார்கள் என்று பழைய கிரேக்க அறிஞர் புரோக்ளசு எழுதிவைத்திருக்கிறார். இன்றைக்கே ஒரு தாளில் முக்கோணம் போட்டு, இதைப் பிள்ளையின் கையாலேயே வரையச் சொல்லுங்கள். நீங்கள் வரைந்து காட்டாதீர்கள்.