தீர்ப்புச் சொல்லாதே, தம்பி



நாற்பது மணி நேரச் சமரசர் பயிற்சியை முடித்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி வை. ஆனால் பயிற்சியில் நடித்துப் பழகியதைக் கொஞ்சம் மறந்துவிடு. அங்கே கணவன் மனைவியாகச் சண்டை போட்ட இருவரும் மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடப் போயிருப்பார்கள். சமரச மையத்துக்கு வருகிறவர்கள் ஒரே பெஞ்சில்கூட உட்கார மாட்டார்கள்.

நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம் நாட்டிலேயே நம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில்தான், 2005 ஏப்ரல் 9 அன்று திறக்கப்பட்டது. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சுவுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அதற்கு முன்பே, சமரசத்துக்கு வழிவிட்ட சிவில் நடைமுறைச் சட்டத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது யார் தெரியுமா? சேலம் வழக்கறிஞர் சங்கம். அந்த வழக்கில்தான் சமரசத்துக்கு மாதிரி விதிகள் வகுக்கக் குழுவே அமைந்தது. வக்கீல்கள் எதிர்த்ததில் பிறந்த தொழில் இது. உன் சீனியர் முகத்தைச் சுளித்தால் ஆச்சரியப்படாதே.

என் ஆரம்ப காலத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கு. நிலத்தில் தகராறு இல்லை, நடுவில் இருந்த கிணறுதான் சிக்கல். செத்துப்போன அப்பா பேரில் ஒரே மின் இணைப்பு, ஒரே மோட்டார், ஒன்பது வருட வாய்தா. நான் அரை மணி நேரம் கேட்டேன். "ஒருநாள் விட்டு ஒருநாள் இறைச்சுக்கோங்க" என்றேன். இருவரும் தலையாட்டினார்கள். கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டு, நாட்டாமை மாதிரி நிமிர்ந்து வீட்டுக்குப் போனேன்.

நாலே மாதத்தில் திரும்பி வந்து நின்றார்கள். அப்போதெல்லாம் விவசாய லைனில் மும்முனை மின்சாரம் நாள் முழுக்க வராது, வரும் நேரமும் மாறும். ஒருவர் முறைக்கு மூன்று மணி நேரம் கிடைத்தால் அடுத்தவருக்கு எட்டு மணி நேரம். இதற்கிடையில் மோட்டாரில் காயில் எரிந்துபோக, கட்டும் செலவு யாருடையது என்று கைகலப்பு. இதில் ஒன்றைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. என் கறுப்புக் கோட்டுக்குத் தலையாட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் முறை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். வராந்தாவில் காத்திருந்த தம்பியின் மனைவியை, இருவரையும் கேட்டுக்கொண்டு, உள்ளே கூப்பிட்டேன். அவர் வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. கோர்ட்டில் அவர் வாய் திறக்க இடமே இருந்திருக்காது. அவர்தான் சொன்னார்: "நாள் கணக்கு வேண்டாங்க. கரண்டு இருக்கற மணிக்கணக்கு வெச்சுக்கலாம். ஒரு நோட்டுல ரெண்டு பேரும் எழுதட்டும்." மோட்டார் செலவும் அந்த நோட்டுக் கணக்குப்படியே. அண்ணன் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: நோட்டு மோட்டார் ரூமில் தொங்க வேண்டும், தம்பி வீட்டில் அல்ல. அத்தனையையும் எழுதினோம், நோட்டு தீர்ந்தால் புதியதை யார் வாங்குவது என்பது உட்பட.

சட்டம் படித்தவனுக்கு வாயை மூடுவது கஷ்டம். யார் பக்கம் நியாயம் என்று பத்து நிமிடத்தில் நமக்குத் தெரிந்துவிடும், அல்லது தெரிந்ததாகத் தோன்றும். அதை அடக்கு. 2023ஆம் ஆண்டுச் சமரசச் சட்டமே 120 நாள், இரு தரப்பும் ஒப்பினால் மேலும் 60 நாள் என்று எழுதி வைத்திருக்கிறது. உனக்கு மட்டும் என்ன அவசரம்?

வக்கீல் புத்தியை வெளியே எடுக்க வேண்டியது உடன்படிக்கை எழுதும்போது. "சுமுகமாக", "ஒத்துழைத்து" என்ற சொற்களைக் கண்டால் அடித்துவிடு. எந்தத் தேதி, எவ்வளவு, எந்தக் கணக்கில், தவறினால் என்ன என்று எழுது. நாளைக்கு அந்தத் தாள்தான் தீர்ப்பாணையாகும். நிறைவேற்று மனு போடுகிறவர் அதைத்தான் கையில் பிடித்திருப்பார். வழக்கு சமரசத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும் என்பதையும் கட்சிக்காரர்களுக்குச் சொல். கோர்ட் அனுப்பாமல் அவர்களே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் அது உண்டு என்று 2021இல், நம் உயர் நீதிமன்றமே மேல்முறையீட்டுக்குப் போன வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

பேச்சு முறிந்தால் "சமரசம் ஏற்படவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பு. யார் முரண்டு பிடித்தார் என்று இன்னொரு வரி சேர்க்கக் கை அரிக்கும். கூடாது. மோதி ராம் வழக்கில் 2010இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. தனி அமர்வில் ஒருவர் சொன்னதை, அவர் அனுமதி இல்லாமல், பக்கத்து அறையில் இருக்கும் எதிர்த்தரப்பிடம்கூடச் சொல்லாதே.

இன்னொன்றும் உண்டு. சமரசம் என்றால் எதையும் பேசி முடிப்பது என்று நினைத்துவிடாதே. 2015இல் நம் உயர் நீதிமன்றத்திலேயே, பாலியல் வன்கொடுமையில் தண்டிக்கப்பட்டவனையும் பாதிக்கப்பட்ட பெண்ணையும் சமரச மையத்துக்குப் போகச் சொல்லி ஓர் உத்தரவு வந்தது. குற்றம் நடந்தபோது அவள் சிறுமி. இப்படிப்பட்ட வழக்கில் சமரசப் பேச்சுக்கே இடமில்லை என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அப்படி ஒரு கோப்பு உன் மேசைக்கு வந்தால் திருப்பி அனுப்பு. குடும்ப வழக்கிலும், ஒரு பெண் பதில் சொல்லும் முன் கணவன் முகத்தைப் பார்க்கிறாளா என்று கவனி. பார்த்தால் கூட்டு அமர்வை அங்கேயே நிறுத்திவிட்டு அவளிடம் தனியாகப் பேசு. பயந்தவளிடம் கையெழுத்து வாங்குவதற்குப் பெயர் கட்டப்பஞ்சாயத்து. அதை நடத்த வெளியில் ஆள் இருக்கிறார்கள், நீ வேண்டாம்.

முதல் கோப்பு வந்ததும் மேசையில் ஒரு வெள்ளைத்தாளும் இரண்டு பென்சிலும் வை. நிலத் தகராறாக இருந்தால், ஆளுக்கொரு வரைபடம் போட விடாதே. இருவரையும் அந்த ஒரே தாளில் வரையச் சொல்.