தொலைபேசிக் கம்பியில் வந்த இணையம்

பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடானில் இன்று பள்ளி மாணவர் கையிலும் திறன்பேசி இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. வீட்டுக்கு ஒரே ஒரு தொலைபேசி. அதுவும் வரவேற்பறையில் இருக்கும். இணையம் வேண்டும் என்றால் அந்தத் தொலைபேசிக் கம்பியைக் கழற்றிக் கணினியோடு இணைந்த மோடத்தில் செருக வேண்டும். மகன் இணையத்தில் இருக்கும் நேரத்தில் பாட்டி ஊரிலிருந்து அழைத்தால் ‘ஈடுபட்டுள்ளது’ என்னும் ஒலிதான் அவருக்குக் கேட்கும். நிமிடக் கணக்கில் கட்டணம் ஏறும். மாதக் கடைசியில் தொலைபேசிக் கட்டணச் சீட்டு வரும்போது வீட்டில் சிறு விசாரணையே நடக்கும்.

மலேசியாவில் இணையச் சேவையைத் தொடங்கி வைத்தது ஜாரிங். 1985-இல் தோன்றிய மிமோஸ் ஆய்வு நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் அதை நடத்தத் தொடங்கியது. 1996-இல் டெலிகோம் மலேசியாவின் டிஎம்நெட் இரண்டாவது சேவையாக வந்தது. ஜாரிங்கை அடைய 1511, டிஎம்நெட்டை அடைய 1515 என்ற எண்ணை மோடம் சுழற்ற வேண்டும். மறுமுனையில் வேறொரு மோடம் எடுத்து ‘பேசும்’.

இரண்டு மோடங்கள் என்ன பேசிக்கொள்கின்றன? கணினி அறிந்தவை பூச்சியமும் ஒன்றும் மட்டுமே. தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது; ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே அது சீராகக் கடத்தும். ஆகவே, அனுப்பும் மோடம் பூச்சியங்களையும் ஒன்றுகளையும் ஒலியாக மாற்றும். பெறும் மோடம் ஒலியை மீண்டும் எண்களாக்கும். இணைப்பு ஏற்படும்போது கேட்ட அந்தக் கீச்சொலியையும் இரைச்சலையும் பலர் இன்றும் மறக்கவில்லை. அழைப்பை எடுக்கும் மோடம் முதலில் 2100 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பும். ‘மனிதர் பேசவில்லை, எதிரொலியைக் கட்டுப்படுத்தும் கருவிகளை நிறுத்திவிடு’ என்று தொலைபேசி நிலையத்துக்குக் கூறும் செய்தி அது. அதன் பிறகு இரு மோடங்களும் கம்பியின் தரத்தைச் சோதித்து, எந்த வேகத்தில் பேசலாம் என்று முடிவு செய்யும்.

அந்த வேகம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வந்தது. விநாடிக்கு 2400 பிட் என்றிருந்தது 9600 ஆயிற்று, பிறகு 14,400 ஆயிற்று. 1994-இல் வந்த வி.34 தரம் 28,800 பிட் வேகத்தைத் தந்தது. பின்னர் அதுவே 33,600 வரை நீட்டப்பட்டது. 1998-இல் வி.90 தரம் 56,000 என்ற எண்ணைத் தொட்டது. ஆனால், அந்த எண் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருந்த எண்தான். இறங்கும் திசையில் மட்டுமே அந்த வேகம் இயலும்; நிலையத்திலிருந்து வீடு வரை வரும் செப்புக் கம்பியும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். நடைமுறையில் நாற்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டினாலே பலர் மகிழ்ந்தனர்.

இந்த எண்களைக் காலக் கணக்கில் பார்ப்போம். பத்து இலட்சம் பைட் கொண்ட ஒரு கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு பைட்டையும் அனுப்ப அதன் எட்டுப் பிட்டுகளோடு தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று எனப் பத்துப் பிட்டுகள் தேவை என்று கொள்வோம். 2400 பிட் மோடத்தில் அந்தக் கோப்பு வந்து சேர ஏறக்குறைய 69 நிமிடம் ஆகும். 28,800 பிட் மோடத்தில் ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அறுபது நிமிடத்துக்கு மேலான தொலைபேசிக் கட்டணம் இதனால் மிச்சம். 95 விழுக்காடு வந்த பிறகு இணைப்பு அறுந்தால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், மோடத்தைச் சரியாக அமைப்பது ஏன் பெரிய காரியமாகக் கருதப்பட்டது என்பது விளங்கும்.

மோடத்துக்குக் கட்டளையிட ஒரு தனி மொழி இருந்தது. 1981-இல் ஹேய்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்மார்ட்மோடம் அதை அறிமுகப்படுத்தியது. பிற நிறுவனங்களும் அதையே பின்பற்றின. ஒவ்வொரு கட்டளையும் ‘ஏ, டி’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். ‘கவனி’ என்பதன் சுருக்கம் அது. அதன்பின் ‘இசட்’ சேர்த்தால் மோடம் பழைய நிலைக்குத் திரும்பும்; ‘& எஃப்’ சேர்த்தால் தொழிற்சாலையில் அமைத்த நிலைக்குப் போகும்; ‘டி, டி’ சேர்த்து எண்ணை எழுதினால் அந்த எண்ணை அழைக்கும். அமைப்பு குழம்பிப்போனால் முதலில் தொழிற்சாலை நிலைக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதே அனுபவசாலிகளின் வழக்கம். ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றினால் எது பயன் தந்தது என்று யாருக்கும் தெரியாது.

பிழை எப்படித் தவிர்க்கப்பட்டது? கம்பியில் சிறு கரகரப்பு எழுந்தாலும் ஒரு பூச்சியம் ஒன்றாக மாறிவிடலாம். வி.42 என்னும் தரம் இதற்கு வழி செய்தது. தரவு சிறு சிறு கட்டுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு கட்டின் முடிவிலும் அதிலிருந்து கணக்கிட்ட ஒரு சோதனை எண் சேர்க்கப்படும். திருமண வீட்டில் மொய் எழுதுபவர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை எழுதுவார். இன்னொருவர் அதைக் கூட்டிப் பார்ப்பார். கணக்கு ஒத்துவராவிட்டால் அந்தப் பக்கத்தை மட்டும் மீண்டும் பார்த்தால் போதும், நோட்டு முழுவதையும் அல்ல. மோடமும் அப்படியே செய்யும். சோதனை எண் பொருந்தாவிட்டால், பிழை கண்ட இடத்திலிருந்து மீண்டும் அனுப்பச் சொல்லும்.

திருத்தம் செய்வதால் வேகம் குறையும் என்றுதான் எவரும் நினைப்பார். உண்மை அதற்கு மாறானது. கட்டுகளாக அனுப்பும்போது ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்கப் பிட்டும் முடிவுப் பிட்டும் தேவையில்லை. பத்துக்குப் பதில் எட்டுப் பிட்டுகளே கம்பியில் செல்லும். சோதனை எண்ணுக்காகச் செலவாகும் பிட்டுகளைக் கழித்த பிறகும் நல்ல கம்பியில் வேகம் கூடவே செய்தது.

வி.42பிஸ் என்ற மற்றொரு தரம் தரவைச் சுருக்கியது. மீண்டும் மீண்டும் வரும் எழுத்துத் தொடர்களுக்குக் குறுகிய குறி ஒன்றைத் தந்து அனுப்பும். எழுத்துப் படைப்புகள் இதில் நன்கு சுருங்கும். நான்கில் ஒரு பங்காகச் சுருங்குவதும் உண்டு. ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோப்பும் படமும் சுருங்கா. வி.42பிஸ் இதை உணர்ந்து சும்மா இருந்துவிடும். எம்.என்.பி.5 என்ற பழைய முறைக்கு அந்த அறிவு இல்லை. சுருக்கிய கோப்பை அது பெரிதாக்கிவிடும்! அத்தகைய கோப்புகளை இறக்குபவர்கள் அதை நிறுத்தி வைத்தனர்.

சுருக்கப்பட்ட தரவு கம்பியில் 28,800 பிட் வேகத்தில் வந்தாலும், விரிந்த பிறகு கணினிக்குள் அதைவிட வேகமாகப் பாய வேண்டும். எனவே, கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகத்தை 57,600 அல்லது 1,15,200 என உயர்த்தி வைத்தனர். இங்கேதான் பழைய கணினிகள் திணறின. அவற்றின் தொடர்வழிச் சில்லு ஒரே ஒரு பைட்டை மட்டுமே தாங்கும்; கணினி அதை எடுப்பதற்குள் அடுத்தது வந்து விழுந்துவிடும். 16550 என்ற புதிய சில்லில் 16 பைட்டுகள் காத்திருக்க இடமிருந்தது. மோடத்தைக் குறை சொன்ன பலரின் குறை உண்மையில் இந்தச் சிறு சில்லில்தான் இருந்தது.

‘போதும், நிறுத்து’ என்று மோடமும் கணினியும் ஒன்றுக்கொன்று சொல்ல இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தனிக் கம்பிகள் மூலம் சொல்வது. மற்றது, தரவுக்கு நடுவே 19, 17 ஆகிய எண்களைச் செருகிச் சொல்வது. இரண்டாவது வழியில் ஓர் ஆபத்து உண்டு. படத்திலோ நிரலிலோ 19 என்ற எண் இயல்பாகவே வந்துவிட்டால், அதையும் ‘நிறுத்து’ என்ற ஆணையாக மோடம் எடுத்துக்கொள்ளும். கோப்பு பாதியில் நின்று போகும். ஆகவே, தனிக் கம்பி வழியே பாதுகாப்பானது.

தமிழில் எழுதியவர்களுக்கு இன்னும் ஒரு கவனம் வேண்டியிருந்தது. பழைய சில சேவைகளில் ஏழு பிட்டு அமைப்பு புழக்கத்தில் இருந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு ஏழு பிட்டு போதும். தமிழோ எட்டாவது பிட்டில்தான் வாழ்ந்தது. திஸ்கி என்னும் குறியீட்டுத் தரத்தில் 128-க்கு மேற்பட்ட எண்களே தமிழ் எழுத்துகளுக்கு உரியவை. அதில் ‘அ’ எழுத்தின் எண் 171. எட்டாவது பிட்டு அறுபட்டால் 128 குறைந்து 43 ஆகிவிடும். திரையில் ‘அ’ இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி தோன்றும். கடிதம் முழுவதும் பொருளற்ற குறிகளாய் வந்து சேரும். ‘எட்டுப் பிட்டு, சமநிலைச் சோதனை இல்லை, ஒரு முடிவுப் பிட்டு’ என்ற அமைப்பு தமிழ் மடலுக்கு இன்றியமையாததாக இருந்தது இதனால்தான். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் தட்டெழுதி அனுப்பிய மடலையும் இப்படிப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தபோதும் பல இல்லங்களில் தொலைபேசிக் கம்பியே இணையக் கம்பியாக இருந்தது.

அமைப்பைவிடக் கம்பியைக் கவனிப்பதே பல வீடுகளில் பலன் தந்தது. அறைக்கு அறை இழுத்த நீண்ட நீட்டிப்புக் கம்பி, ஒரே இணைப்பில் மாட்டிய இரண்டாவது தொலைபேசி, துருவேறிய செருகி ஆகியவை இரைச்சலைக் கூட்டும். தொலைபேசியை எடுத்து ஓர் எண்ணை அழுத்திவிட்டுக் காது கொடுத்தால் கரகரப்பு கேட்கும். அப்படிப்பட்ட கம்பியில் 33,600 பிட்டைப் பிடிவாதமாகக் கேட்டால் மோடம் அடிக்கடி நின்று தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் பல விநாடி வீணாகும். மேல் வரம்பை 26,400 என்று தாழ்த்தி வைத்தால் கோப்பு முன்னதாகவே வந்து சேரும். வேறொரு தொல்லை, ‘அழைப்புக் காத்திருப்பு’ வசதி. இடையில் வரும் சிறு ஒலி இணைப்பை அறுத்துவிடும். அழைக்குமுன் அதை நிறுத்த வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கு உலகில் இடிமின்னல் மிகுந்த வட்டாரங்களில் ஒன்று. மாலையில் வானம் கறுத்ததும் மின்செருகியைக் கழற்றுபவர்கள் தொலைபேசிக் கம்பியை மறந்துவிடுவதுண்டு. மின்னல் அந்தக் கம்பி வழியே வந்து மோடத்தைக் கருக்கும். சில வேளை கணினியையும் சேர்த்துக் கருக்கும்.

திரையில் ‘1,15,200-இல் இணைந்தது’ என்று கண்டு நண்பர்களிடம் பெருமை பேசியவர்களும் இருந்தனர். அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையே உள்ள வேகம்; தொலைபேசிக் கம்பியின் வேகம் அல்ல. பல மோடங்களில் ஒரு கட்டளையைச் சேர்த்தால் உண்மையான எண்ணைச் சொல்லும். சேர்த்த பிறகு பெருமை பேசியவர் குறைவு.

2001-இல் ஸ்ட்ரீமிக்ஸ் அகண்ட அலைவரிசை வந்த பிறகு, அதே செப்புக் கம்பியில் பேச்சும் இணையமும் ஒரே நேரத்தில் ஓடின. பாட்டியின் அழைப்பு தடைபடவில்லை. ஜாரிங் 2015-இல் மூடப்பட்டது. ஆனால், பழைய மோடம் உடனே மறைந்துவிடவில்லை. கடைகளில் கடன் அட்டையைத் தேய்க்கும் கருவிகளுள் பல, நீண்ட காலம் தொலைபேசிக் கம்பி வழியாகவே வங்கியோடு பேசின. அவை 1200 அல்லது 2400 பிட்டு வேகத்தையே வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தன. அனுப்ப வேண்டியது சில நூறு பைட்டுகள்தான்; உயர்ந்த வேகத்துக்கான நீண்ட கீச்சொலிப் பேச்சு முடிவதற்குள் இங்கே பணமே கைமாறிவிடும்.