நிருபர் தர்மம்

கேள்வி: பத்திரிகைத் தொழிலின் தர்மம் எல்லாத் தேசங்களிலும் ஒன்றுதானா?

பதில்: பொய் எழுதலாகாது என்ற மட்டில் சகல தேசத்து நிருபர்களும் ஏகமனதாய் இருப்பார்கள், அறிந்த உண்மையை எப்பொழுது எழுதுவது என்பதில்தான் அபிப்பிராய பேதம். 1974-ஆம் வருஷம் ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் ராஜிநாமாச் செய்ததற்கு ஒரு தினசரியின் நிருபர்கள் இருவர் துருவித் துருவி எழுதியதும் ஒரு காரணம் என்பது பிரசித்தம். அதே வருஷத்தில் ஜப்பானியப் பிரதம மந்திரி டனாகாவின் பணவிவகாரங்களை அம்பலப்படுத்தியதோ, 'புங்கேய் ஷுன்ஜூ' என்ற மாதப் பத்திரிகை. அரசாங்கக் காரியாலயங்கள்தோறும் 'கிஷா கிளப்' என்னும் நிருபர் சங்கங்களில் அமர்ந்து, மந்திரிகளோடு நித்தமும் அந்தரங்கமாய்ப் பழகிவந்த தினசரி நிருபர்கள், டோக்கியோவிலிருந்த அந்நிய நிருபர்கள் பகல் விருந்தொன்றுக்கு டனாகாவை அழைத்துக் கேள்விகளால் குடைந்தெடுத்த பிறகே அவ்விஷயத்தைப் பெரிதாக எழுதத் தலைப்பட்டார்கள்; டிசம்பரில் அவர் பதவி துறந்தார். ஜப்பானிய நிருபர்களின் இந்த மௌனத்தைக் கோழைத்தனம் என்று அமெரிக்கர் சொல்லக்கூடும். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன்: நம்பிச் சொன்னதைக் காப்பதும், சங்கத்துச் சகாக்களை முந்தாதிருப்பதும் அவர்களுக்கு மரியாதையின் பாற்பட்டவை. அந்த மரியாதையில், காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கும் வாசகனுக்குப் பங்கு வைக்க மறந்தார்களே என்பதுதான் என் குறை.