ராணுவம் ஏன் உடனே வருவதில்லை?

கேள்வி: கலவரம் வெடித்தால் ராணுவம் வந்துசேர ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது?
– வாசகர், நாகல் நகர், திண்டுக்கல்

பதில்: ராணுவம் தீயணைப்பு வண்டி அல்ல, மணி அடித்ததும் கிளம்பாது. முதலில் உள்ளூர்ப் போலீஸ், பிறகு ஆயுதப்படை, சிறப்புக் காவல்படை, கோவையில் இருக்கும் மத்திய அதிரடிப்படை. இவர்களால் முடியாதபோதுதான் ராணுவம். கூட்டத்தைக் கலைக்க அதை அழைப்பவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டாக இருக்கும் கலெக்டரோ, அவர் அதிகாரம் அளித்த மாஜிஸ்திரேட்டோதான். முன்பு இதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 130ஆம் பிரிவு. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 149ஆம் பிரிவு. மாஜிஸ்திரேட்டைத் தொடர்புகொள்ளவே முடியாத ஆபத்தில் மட்டும் ராணுவ அதிகாரி தானே இறங்கலாம்.

அடுத்தது தூரம். உங்கள் ஊரில் கோட்டை இருக்கிறது, படை இல்லை! குன்னூர் வெலிங்டன் போன்ற இடங்களிலிருந்துதான் வர வேண்டும்.

வந்தபின்னும் வழிகாட்டியும் வண்டியும் வேண்டும். குஜராத் கலவரத்தின்போது, 2002 மார்ச் 1 காலை அகமதாபாத்தில் இறங்கிய வீரர்கள் வண்டி கிடைக்காமல் ஒரு நாள் காத்திருந்ததாக அந்தப் படையின் தலைவர் ஜமீருதீன் ஷா எழுதினார். தாமதமே இல்லை என்றது கலவரத்தை விசாரித்த சிறப்புப் புலனாய்வுக் குழு.

ராணுவத்தை அழைக்கத் தயங்குவதற்கும் காரணம் உண்டு. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் ராணுவம் இறங்கிச் சுட்ட பொள்ளாச்சியைக் கேளுங்கள். துப்பாக்கி கடைசிக் கருவியாக இருப்பதே நல்லது.