தேக்காவும் தானா ராத்தாவும்: ஒரு திணை ஒப்பீடு

முதல், கரு, உரி என்று தொல்காப்பியம் கூறும் மூன்றையும் நம்மில் பலர் தேர்வுக்காகவே மனப்பாடம் செய்திருப்போம். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்நிலத்தின் உணவு, விலங்கு, பறை, தொழில் முதலியவை. உரிப்பொருள் மாந்தரின் ஒழுக்கம். குறிஞ்சிக்குக் கூடல், மருதத்துக்கு ஊடல். கடந்த டிசம்பர் விடுமுறையில் மலேசியாவின் கேமரன் மலைக்குச் சென்று வந்தபோது, இவற்றைக் கொண்டு இரண்டு ஊர்களை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதலில் நம் தேக்கா. கான்கிரீட் நகரத்தில் திணை ஏது என்று கேட்கலாம். மருத நிலத்தின் விலங்கு எருமை. சிராங்கூன் சாலை வட்டாரமோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டு வணிகத்துக்குப் பெயர் பெற்றது. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை ஆகிய இரண்டும் எருமையின் பெயரையே தாங்கியுள்ளன. 'கண்டாங் கெர்பாவ்' என்றால் மலாயில் எருமைத் தொழுவம். அப்பெயர் இன்று ஒரு மருத்துவமனைக்கு உரியது. எருமைகள் போய்விட்டன, ஆரவாரம் போகவில்லை. ஞாயிறு மாலையில் வீரமாகாளியம்மன் கோயில் மணி, கடைகளின் பாட்டு, கைத்தொலைபேசியில் ஊருக்குப் பேசும் தொழிலாளர்களின் குரல் என எங்கும் தமிழ் ஒலிக்கிறது.

அடுத்து தானா ராத்தா. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறினால் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலையூர். பெயரின் பொருளோ 'சமநிலம்'! 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்கு வந்ததால் மலைக்கு அவர் பெயர் அமைந்தது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. தினையும் தேனும் இருக்க வேண்டிய குறிஞ்சியில் தேயிலை கருப்பொருளாயிற்று. அதை வளர்த்த கைகளில் தமிழர் கைகளும் இருந்தன. இரவு எட்டு மணிக்கே தெரு அடங்கிவிடுகிறது.

அந்த அமைதியில் ஒரு தேநீர்க் கடை. "தம்பி எங்கேருந்து வர்றீங்க?" என்றார் கடைக்கார அம்மா. என் வாய் தானாக ஆங்கிலத்தில் பதில் சொன்னது. அவர் சற்றுத் தயங்கி, "தமிழ்ப் பிள்ளைதானே?" என்றார். வெட்கத்தில் குனிந்தேன். பிறகு தட்டுத் தடுமாறித் தமிழில் பேசத் தொடங்கினேன். தேநீர் ஆறும் வரை பேசினோம்.

திரும்பும் வழியில்தான் புரிந்தது. தேக்காவில் ஆயிரம் பேர் தமிழ் பேசுவதால் நான் பேசாதது யார் காதிலும் விழவில்லை. மலையில் என் மௌனம் ஒன்றே கேட்டது. நகரத்தில் நான் தமிழோடு ஊடியிருந்தேன், மலையில் கூடினேன். ஆயினும் கூடலை மலையிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. ஒரு நிலத்துக்கு உரியது இன்னொரு நிலத்தில் வருவதைத் திணைமயக்கம் என்று நம் இலக்கணமே ஏற்கிறது.

அடுத்த ஞாயிறு தேக்காவில் காய்கறிக்காரரிடம் விலையைத் தமிழில் கேட்டேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள், நண்பர்களே.