மீண்டெழுந்த மூணாறு

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் அமைந்ததால் மூணாறு அப்பெயர் பெற்றது. இவ்வூர் இடுக்கி மாவட்டத்தில் உள்ளது.

கண்ணன் தேவன் மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் பெருகியபோது, மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கங்காணிகளுடன் மலையேறி வந்தன. காட்டைத் திருத்தித் தேயிலை நட்டவர்கள் அவர்களே.

விளைந்த தேயிலையைச் சமவெளிக்குக் கொண்டு செல்வது அரிதாக இருந்தது. எனவே, 1902-இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது. அதில் வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908-இல் அது இரயில் பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. பின்னர்ப் போடிநாயக்கனூரை அடைந்தன.

1924 ஜூலையில் பெருமழை பெய்தது. அது கொல்லம் ஆண்டு 1099 ஆகும். ஆதலால் கேரள மக்கள் அதனைத் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்பர். மலைகள் சரிந்தன, ஆறுகள் பெருகி ஊருக்குள் புகுந்தன. கடைத்தெரு, பாலங்கள், தண்டவாளம் யாவும் சிதைந்தன.

ஆயினும், மூணாறு கைவிடப்படவில்லை. தொழிலாளர்கள் சேற்றை அகற்றினர். சரிந்த வரப்புகளைத் திருத்தினர். மீண்டும் கொழுந்து பறித்தனர். இரயில் பாதை திரும்ப அமைக்கப்படவில்லை. அதற்கு மாறாக, ஆலுவாவிலிருந்து அடிமாலி வழியே புதிய சாலை வந்தது. 1935-இல் நேரியமங்கலத்தில் பெரியாற்றின் குறுக்கே பாலம் திறக்கப்பட்டது. பழைய இரயில் நிலையக் கட்டடம் இன்று தேயிலை நிறுவன அலுவலகமாக விளங்குகிறது. 2005-இல் தோட்டங்களை ஏற்று நடத்தத் தொடங்கிய புதிய நிறுவனத்தில் தொழிலாளர்களும் பங்குதாரர் ஆயினர்.

இழந்தவை அனைத்தும் திரும்புவதில்லை. எஞ்சியதைக் கொண்டு உழைப்பவர்களால் ஊர் மீண்டும் எழுகிறது. பாதை அமைத்த ஆண்டுகளை நூல்கள் கூறும். மண் சுமந்தவர்களின் பெயர்களை நம் வீட்டு முதியோரே கூற இயலும். மாணவர்களே, அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

சொற்பொருள்
கங்காணி – தொழிலாளர்களைத் திரட்டி மேற்பார்வை செய்பவர்
கம்பிவடம் – முறுக்கிய இரும்புக் கம்பிக் கயிறு
கொழுந்து – இளந்தளிர்
எஞ்சியது – மீதமிருப்பது

வினாக்கள்
1. மூணாறு எப்பெயர்க் காரணம் உடையது?
2. தேயிலைப் பெட்டிகள் மலையிலிருந்து கீழே சென்ற முறையை விளக்குக.
3. வெள்ளத்திற்குப் பின் மூணாற்றில் திரும்ப அமையாதது எது? புதிதாக வந்தது எது?
4. உங்கள் குடும்பம் இவ்வூருக்கு வந்த வரலாற்றை முதியோரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.